ஃபைபர் அறுந்தும் 4ஜி-க்கு மாறாத மைக்ரோடிக்

ஃபைபர் அறுந்தும் உங்கள் மைக்ரோடிக் (MikroTik) ரூட்டர், மாற்று இணைப்பான 4ஜி லைனுக்கு மாறவில்லை என்கிறீர்கள். செக்-கேட்வே பிங் (கேட்வே, அதாவது ரூட்டருக்கு அடுத்த சாதனம், பதில் தருகிறதா என்று அவ்வப்போது சோதிப்பது) போட்டது சரிதான், ஆனால் அது பிங் செய்வது பக்கத்தில் இருக்கும் 192.168.1.1 மோடத்தை. தெருவில் கேபிள் அறுந்தாலும் மோடம் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

ரிகர்சிவ் ரூட் போடுங்கள், அதாவது மோடத்துக்குப் பதில் அதைத் தாண்டி இணையத்தில் இருக்கும் ஒரு முகவரியை (இங்கே கூகுளின் 8.8.8.8) கேட்வேயாக வைத்துச் சோதியுங்கள். 8.8.8.8/32-க்கு கேட்வே 192.168.1.1, ஸ்கோப் 10. டீஃபால்ட் ரூட்டுக்கு (தனி வழி சொல்லாத எல்லாம் போகும் வழி) கேட்வே 8.8.8.8, டார்கெட்-ஸ்கோப் 11 (முந்தைய ரூட்டின் வழியே கேட்வேயைத் தேட இது வேண்டும்), டிஸ்டன்ஸ் 1 (சிறிய எண்ணுக்கே முன்னுரிமை), செக்-கேட்வே பிங். 4ஜி ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 2. டிஹெச்சிபி கிளையன்ட் (மோடத்திடம் ஐபி முகவரி வாங்கும் பகுதி) தானாகச் சேர்க்கும் டீஃபால்ட் ரூட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இத்தனையும் வீண். 10 நொடிக்கு ஒரு பிங் போகும். அடுத்தடுத்து இரண்டு தவறினால் லைன் மாறிவிடும்.

முக்கியமாக, 8.8.8.8-ஐ டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) ஆக வைக்காதீர்கள். அது இனி ஃபைபர் வழியாக மட்டுமே போகும். ஃபைபர் செத்தால் 4ஜி ஓடினாலும் ஒரு தளமும் திறக்காது. 4ஜி பக்கமும் மாஸ்கரேட் (உள் முகவரிகளை அந்த லைனின் முகவரியாக மாற்றி அனுப்பும் விதி) இருக்கிறதா, பாருங்கள்.