கத்தி எறிந்து பழக எந்தக் கத்தி வாங்கலாம்? வீட்டில் இருக்கும் சமையல் கத்தி போதாதா?

போதாது. என் இடது முழங்காலுக்குக் கீழே நாலு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அதுதான் இந்தப் பதிலை எழுத எனக்குள்ள தகுதி. வேறு பட்டமோ பதக்கமோ கிடையாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன், வயது ஐம்பத்திரண்டு.

கேட்டவர் புதுச்சேரியில் வாடகைக்கு இருப்பதாகவும் மொட்டை மாடியில் பழகலாமா என்றும் எழுதியிருக்கிறார். வீடியோ பார்த்து ஆசை வந்திருக்கும், தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது. சின்ன வயதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சர்க்கஸ் பார்த்தபோது ஒரு ஆள் பலகையில் கத்தி எறிந்தான். அந்த 'டொக்' சத்தம் நாற்பது வருஷம் காதிலேயே இருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரம், மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பழைய வாசக்கால் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. நல்ல வைரம் பாய்ந்த பலா. ஆறேழு தடவை எறிந்தேன். ஒன்றுகூடக் குத்தி நிற்கவில்லை. அடுத்த தடவை மரப்பிடி இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் போனது, தகடு பலகையில் அடித்துத் திரும்பி என் காலுக்கே வந்தது. செருப்புகூடப் போடவில்லை. அன்றைக்கு என் அறிவு அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கூத்து ஆஸ்பத்திரியில். கத்திக் காயம் என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சார் குத்துனது?"

"யாரும் குத்தலம்மா. நானே எறிஞ்சது, திரும்பி வந்துடுச்சு."

"எறிஞ்ச கத்தி எப்படி சார் திரும்பி வரும்?"

எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்கவேண்டிய காயம், என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒரு ஏட்டு வந்து என்னைத் தனியாக ஓரங்கட்டி, "வீட்டுல சண்டையா? பயப்படாம சொல்லுங்க" என்று ரொம்பப் பரிவாகக் கேட்டார். என் மனைவி அதைக் காதில் வாங்கிவிட்டாள். நான் கத்தி எறிந்ததைக்கூட மன்னித்துவிட்டாள், அந்த ஏட்டு கேட்டதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. தெருவில் 'மண்டிக்காரரைக் குத்திட்டாங்களாம்' என்று பேச்சு ஆகி, பெண்ணுக்கு வந்த ஒரு ஜாதகம் அப்படியே நின்றது. (அதைவிட நல்ல இடமே பிறகு அமைந்தது. நின்றுபோன இடத்தார் இதைப் படித்தால் படிக்கட்டும்.)

இனி கத்தி விஷயம். எறிகிற கத்திக்குக் கூர்வாய் தேவையே இல்லை, முனை மட்டும் போதும். சமையல் கத்தி வெட்டுவதற்கென்று கடினமாகப் பதம் போட்டது. தகடு மெல்லிசு, பிடி தனித் துண்டு. விழுகிற அடியில் ஒடியும், அல்லது பிடி கழன்றுவிடும். எறிகத்தி பிடியும் தகடும் ஒரே இரும்பாக இருக்கவேண்டும். மரமோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கக் கூடாது. நீளம் ஒரு அடிக்குக் கிட்ட, எடை 250, 300 கிராம். அடுத்த தடவை நான் செய்த தவறு ஆன்லைனில் மூன்று கத்தி செட் வாங்கியது. கறுப்புச் சாயம், பிடியில் கயிறு, நடுவில் ஓட்டை, பார்க்க அவ்வளவு அழகு. ஒவ்வொன்றும் 50 கிராம்கூட இல்லை. எடை குறைந்த கத்தி கையின் சின்ன நடுக்கத்துக்கெல்லாம் ஆடும். இன்றைக்கு அதில் ஒன்று எங்கள் வீட்டில் பார்சல் பிரிக்கப் பயன்படுகிறது.

கடைசியில் பட்டறைக்குப் போனேன். மொத்தம் 12 அங்குலம், அதில் தகடு 7, அகலம் ஒன்றேகால், கனம் 5 மி.மீ. லாரி ஸ்பிரிங் பட்டையில் மூன்று கத்தி அடித்துத் தரச் சொன்னேன். நீளத்தை ஒரு காரணத்தோடுதான் சொன்னேன். ஆயுத விதிகளில், தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் ஆயுதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்த கத்திகளுக்குத்தான் அதில் விலக்கு, எறிந்து விளையாடுகிறவனுக்கு இல்லை. அந்த அளவுக்குள் இருந்தாலும் பஸ்ஸில் பையில் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். கேட்கிற போலீஸ்காரரிடம் ஸ்கேல் வைத்தா அளந்து காட்டுவீர்கள்?

வாய் வைக்கவேண்டாம் என்று சொன்னதும் ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயில்லாத கத்தியா? ஊமைக் கத்தி கேக்குறீங்களே சார்." சிரித்துக்கொண்டே அடித்தார். ஆனால் கைப்பழக்கத்தில் அரிவாளுக்குப் போடுகிற பதத்தையே போட்டுவிட்டார். இரண்டாவது நாள், குத்தி நின்ற கத்தி மேலேயே அடுத்தது விழுந்து, முனை ஒரு சென்டிமீட்டர் ஒடிந்து காதோரம் பறந்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். நீலம் ஓடுகிறவரை சூடு காட்டி ஆறவிட்டு, பதத்தை இறக்கிக் கொடுத்தார். எறிகத்தி வளையலாம், ஒடியக் கூடாது. அந்த மூன்றும் ஆறு வருஷமாக இருக்கின்றன. முனை ஊசி மாதிரி வேண்டாம், லேசாக மொட்டையாக இருக்கட்டும். கத்தியோடு கத்தி மோதிப் பிசிர் எழும்பினால் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள், அந்தப் பிசிர் கையைக் கிழிக்கும்.

கத்தியைவிட முக்கியம் மரம். பலகையின் முகத்தில் எறிந்தால் திரும்பித்தான் வரும். அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டு வேண்டும், அரையடி கனமாவது. அப்போதுதான் முனை நாருக்கு இடையில் இறங்கும். அதுவும் மெத்து மரமாக இருக்கவேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், நார் உப்பிப் பழைய ஓட்டையை மூடிக்கொள்ளும்.

மரம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அதில் பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பா வைத்த முந்திரித் தோப்பு படுத்துவிட்டது. கூடவே மூன்று பலா. வீணை செய்கிறவர்கள் தேடி வருவது பண்ருட்டிப் பலாவைத்தான், அதன் மதிப்பு ஊருக்கே தெரியும். எங்கள் அண்ணன், "கெடக்குற மரம் மக்கிப்போகும்டா, நான் அப்புறப்படுத்திடுறேன்" என்றார். அப்புறப்படுத்தினார். என்ன விலைக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. வேலியில் நின்ற ஒதிய மரத்தை, ஒதி என்போம், அதைக் காட்டி, "அது உனக்கு" என்றார். ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு வந்த பங்கு அதுதான். மரத்துக்காக நான் அழவில்லை. புயல் நிவாரண மனுவில்கூட என் பெயரைச் சேர்க்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. சரி, இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை.

ஆனால் எறிவதற்கு ஒதி மாதிரி ஒரு மரம் எனக்கு வாய்க்கவில்லை. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு கிளையை வெட்டினால் மறு வருஷம் நாலு கிளை துளிர்த்திருக்கும்.

எறிகிற முறையை எழுத்தில் முழுசாகச் சொல்ல முடியாது. சுத்தியல் பிடிப்பதுபோலப் பிடியுங்கள், மணிக்கட்டைச் சுண்டாதீர்கள், கை குறியை நோக்கி நீளும்போது கத்தி தானாக வழுக்கிப் போகட்டும். என் கைக்குப் பத்துப் பதினோரு அடியில் கத்தி ஒரு முழுச் சுற்று சுற்றிக் குத்தும். முனை மேலே பார்த்தபடி அடித்தால் சுற்று போதவில்லை, அரையடி பின்னால் போங்கள். முனை கீழே பார்த்தால் முன்னால் வாருங்கள். பலத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, வட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் பாய். நாயோ பிள்ளையோ பக்கத்தில் இருந்தால் கத்தியை எடுக்கவே வேண்டாம்.

'இதைக் கற்று என்ன கிழிக்கப்போகிறாய், சிலம்பம் பழகலாமே' என்று கீழே கருத்து எழுத ஒருவர் வருவார், தெரியும். சிலம்பமும் பழகுங்கள். நான் ரவுடியும் இல்லை, ரவுடிக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒரு மாதக் கணக்கு முடித்துவிட்டு அரை மணி நேரம் மரத்தில் எறிந்தால் தலையில் இருக்கிற எண்ணெல்லாம் இறங்கிவிடும். எனக்கு அது போதும்.

மொட்டை மாடி மட்டும் வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் கீழே தெரு. சொந்தக்காரர் வீட்டுக் கொல்லை, ஊர்ப் பக்கத்துத் தோப்பு, ஏதாவது பாருங்கள். வட்டுக்கு மரம் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், கடலூர் வந்தால் ஒதி அறுத்துத் தருகிறேன். பலா கேட்காதீர்கள், அது அண்ணனிடம் போய்விட்டது.