முன்பக்கம் கடகட சத்தம்: நாலு ஷாக்கையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் கிராமம். 2015 மாடல் ஸ்விஃப்ட், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாய்க்கால் கரை ரோட்டில் மெதுவாகப் போனால் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஷாக்ல ஆயில் கசியுது, நாலையும் மாத்திடுங்க, ரீகண்டிஷன் போட்டா பாதிச் செலவுதான்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சத்தத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரட்டை (முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) மாற்றாதீர்கள். மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளங்களில் கடகடக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. இரண்டு முனையிலும் பந்து மூட்டு வைத்த சிறு கம்பி அது. மூட்டு தேய்ந்தால் நீங்கள் சொல்லும் இதே சத்தம்தான் வரும். ஸ்ட்ரட் விலையோடு பார்த்தால் அது சொற்பக் காசு. அடுத்து லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர்; பிறகு அதன் முனையில் இருக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்ட், அல்லது அதன் பேரிங். வண்டியைத் தூக்கி, கம்பியால் நெம்பிப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். அதைச் செய்யாமல் யாரும் விலை சொல்லக் கூடாது.

ஸ்ட்ரட் போய்விட்டதை வண்டியின் நடை காட்டிவிடும். வேகத்தடை தாண்டிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடும். பிரேக் போட்டால் முன்பக்கம் குப்புறச் சாயும். டயர் மேல் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டயர் சாலையை விட்டு எழும்பி எழும்பி ஓடுவதால் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும், மழை நாளில் இன்னும் மோசம்.

இப்போது அந்த ஆயில் கசிவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் ராடு மேலும் கீழும் போகும்போது, எண்ணெயை அடைத்து வைக்கும் சீலுக்கு வழவழப்பாக ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். மேல் பாகத்தில் மட்டும் இப்படி இருந்தால் அது கசிவே இல்லை. சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் சுற்றிலும் தெறித்து ஸ்ட்ரட்டிலும் அப்பிக்கொள்ளும். அதையும் 'ஷாக் ஆயில்' என்று விரலில் தொட்டுக் காட்டுவார்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதிக்குக் கீழே ஈரமாக வழிந்து இறங்கியிருந்தால் அதுதான் கசிவு. காய்ந்த தூசி மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

ரீகண்டிஷன் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். பழைய குழாயில் ஓட்டை போட்டு, கையில் கிடைத்த ஆயிலை ஊற்றி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள். உள்ளே தேய்ந்த வால்வும் ராடும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வண்டியில் முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்புவதும் இந்த ஸ்ட்ரட்தான். வெல்டு வைத்த குழாயை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போவீர்களா? இதை விற்பவர்களைக் கேட்பார் யாருமில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"நானே வாங்கிட்டு வர்றேன்" என்பதற்கும் சம்மதிக்காதீர்கள். கடைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு கமிஷன் ஓடும், சில நேரம் பெயர் பெற்ற கம்பெனி டப்பாவுக்குள் போலியும் வரும். கடைக்கு நீங்களே போய், பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்க முடியாது. உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 சதவீதப் பட்டியலை நீட்டினால் புது வரிக்கான விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்றால் முன்பக்கம் இரண்டும் சேர்த்துத்தான். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கி இடிக்காமல் தாங்கும் கட்டை), டஸ்ட் பூட் (ராடில் தூசி படாமல் காக்கும் உறை) இவற்றையும் அப்போதே புதிதாகப் போடுங்கள், கூலி ஒன்றுதான். உடையாத ஸ்பிரிங் பழையதே போதும். ஸ்பிரிங்கை அமுக்க அதற்கான கம்ப்ரெஸர் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு கட்டிச் சமாளிக்கிற பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பானெட்டுக்குள் தெரியும் நடு நட்டை வீட்டில் யாரும் தொடக் கூடாது, அமுங்கிய ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கீழே இருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

பின்பக்கம் கதை வேறு. அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வேலையும் சுலபம், செலவும் குறைவு. கசிவோ ஆட்டமோ இல்லாவிட்டால் இப்போது தொட வேண்டாம். அறுவடை நேரத்தில் 40 கிலோ நெல் மூட்டைகளை டிக்கியில் அடுக்குபவராக இருந்தால் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நம் ரோடுகளைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. ஊருக்குள் இருப்பதோ பெயிண்ட் இல்லாத தார்க் குவியல். குழாய் போடத் தோண்டுபவர் ஒருவர், மூட வேண்டியவர் இன்னொருவர், காசு கொடுப்பது நீங்கள்.

சரி, இந்த வாரம் லிங்க் ராடையும் புஷ்ஷையும் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்ட்ரட்டைத் துடைத்து வையுங்கள். லிங்க் ராடு மாற்றிச் சத்தம் நின்று, ஸ்ட்ரட்டும் காய்ந்தே இருந்தால் அத்தோடு விடுங்கள்; அடுத்த சர்வீஸில் டயரைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.