தாழ்த்திய ஸ்விஃப்டும் ஐப்பசி மழையும்: கேள்வி பதில்

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார்களுக்கு அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிசெய்வது) சஸ்பென்ஷனும் (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை) பார்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டறைக்கு வந்துவிடும். இந்த முறை கேட்டவர்களில் நிறையப் பேர் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள். அதையே வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, வண்டியை 2 இஞ்ச் இறக்கியிருக்கிறேன். வெயிலில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது. மழையில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு நேராகப் போகிறது. டயர் பாதிகூடத் தேயவில்லையே? (பொள்ளாச்சி)

தம்பி, தேயவில்லை என்று எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? நின்றபடி பார்த்தால் கண்ணில் படுவது வெளி ஓரம்தான். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு, குனிந்து, உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். போன வாரம் வந்த ஒரு வண்டியில் வெளி ஓரத்தில் டயரின் கோட்டுப் பள்ளம் 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. உள் ஓரம் மொட்டையாகிக் கம்பி எட்டிப்பார்த்தது. பின் சீட்டில் குழந்தையை வைத்து ஓட்டிவந்திருந்தார் அவர். பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது.

ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. உயரம் குறைந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். அதைத்தான் நெகடிவ் கேம்பர் என்கிறோம். கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடும். டயரை உள் ஓரத்தில் அரைத்துத் தள்ளுவதில் பெரிய பங்கு டோவுக்குத்தான். நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் பாரம் விழுவது அந்த உள் ஓரத்தில். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் அங்கே இல்லை. அப்புறம் டயர் எதைப் பிடிக்கும்? டயரைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் டோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வேலை, அந்த டயர்களைக் கழற்றுங்கள். அடுத்தது அலைன்மென்ட். இறக்கி இரண்டு வாரம் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, ஓட்டுபவரின் எடையை சீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்பாறை இறக்கத்தில் மழை. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டதும் பின்பக்கம் வீசிவிட்டது. முன்னால் புது டயர்தான் போட்டிருந்தேன். (உடுமலை)

சார், வண்டி நின்றதே பெரிய விஷயம். அங்கே 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

இதில் இரண்டு காரணம் சேர்ந்திருக்கும். புது டயர் முன்னால், பழசு பின்னால் என்பது ஒன்று. முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே, நல்லது முன்னால் இருக்கட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மழைக்கு அது தப்பு. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வீசினால் பெரும்பாலானவர்களால் பிடிக்க முடியாது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னாலேயே போகட்டும்.

இரண்டாவது, பம்ப் ஸ்டாப். சக்கரம் அளவுக்கு மீறி மேலே வராமல் தடுக்கும் ரப்பர் அது. ஸ்பிரிங்கை வெட்டினால் அது விறைப்பாகும், ஆனால் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் பழையபடியே இருக்கும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் வேகத்தை அதனால் அடக்க முடியாது. சக்கரம் மேலே வர இடமும் குறைந்துவிட்டது. வளைவில் ஒரு மேடு ஏறினால் பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டி, அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். பாரம் ஒரே அடியாக டயரில் இறங்கும். காய்ந்த ரோடு அதைப் பொறுத்துக்கொள்ளும், ஈர ரோடு பொறுக்காது. பின் ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, உள்ளே இருக்கும் கம்பியில் ஒரு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப் பட்டை) கட்டி, உங்கள் தெருவையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டை ரப்பர் வரை ஏறியிருந்தால் இதுதான் விஷயம்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்கள். 24 பவுண்டு வைக்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம். சேற்று வயலுக்குச் சரிப்படும் யோசனை அது, தார் ரோட்டுக்கு ஆகாது. டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று நாசா ஆய்வாளர்கள் 1960களிலேயே விமான டயர்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டயர் பள்ளத்தின் ஆழத்தை மீறித் தண்ணீர் நிற்கும் ரோட்டில், அந்தக் கணக்குப்படி 32 பவுண்டில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர், 24 பவுண்டில் சுமார் 82. குறைத்தால் சீக்கிரம் மிதப்பீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவை டயர் சூடாவதற்கு முன்னால் பிடியுங்கள்.

185/65 R15 எடுத்துவிட்டு 195/50 R15 போட்டேன். அகலம் கூடினால் நல்லதுதானே? (ஈரோடு)

மழையில் இல்லை. அகலம் கூடக்கூட ஒதுக்கவேண்டிய தண்ணீரும் கூடும், ஸ்விஃப்டோ எடை குறைந்த வண்டி. இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் எண் அகலம், இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அது 65இலிருந்து 50ஆக இறங்கியதால் இந்த டயரின் விட்டம் சுமார் 45 மில்லிமீட்டர் குறைவு. ஸ்பிரிங்கைத் தொடாமலே வண்டி இன்னும் 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ஸ்பீடோமீட்டரும் எட்டு சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும். கம்பெனி அளவுக்கே திரும்புங்கள்.

பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டரில் டயர் மாற்றுவது? (கரூர்)

சட்டம் 1.6 என்கிறது. மழைக்கு நான் 3 என்கிறேன். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 3519 என்றால் 2019ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. டயர் பழசானால், பள்ளம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

வண்டி தாழ்வாகவும் இருக்கணும், மழையிலும் நம்பி ஓட்டணும். வழி இருக்கா அண்ணா? (கோவை)

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்ததை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம்.

நான் பார்த்தவரை மழையில் ஒழுங்காக நடந்துகொண்ட தாழ்ந்த வண்டிகள் எதிலும் வெட்டிய ஸ்பிரிங் இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் செட்டாக, 25 மில்லிமீட்டருக்குள் இறக்கியவை அவை. என் தம்பியாக இருந்தால் அதையும் வேண்டாம் என்பேன். வெட்டியதைக் கழற்றி, கம்பெனி ஸ்பிரிங், புது ஷாக், நல்ல டயர் நான்கு போட்டுக் கொண்டுவாருங்கள். அலைன்மென்ட்டை நானே பார்த்துத் தருகிறேன்.