கிம்பர்லி சான்று இருந்தால் போதுமா?

வைர மோதிரத்தின் பில்லில் கிம்பர்லி சான்று என்று போட்டிருக்கிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் நம்பலாம். போருக்குப் பணமாகும் வைரத்தைத் தடுக்க நாடுகள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய ஏற்பாடு அது; பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டும்தான். அதிலும், அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைக்குப் பணம் தரும் கல்லைத்தான் தடுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் ஆற்றுப்படுகை மண்ணை வெட்டி, சல்லடையில் அலசினாலே வைரம் கிடைக்கும். அதனால்தான் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படையால் அதை எளிதாகக் கைப்பற்ற முடிந்தது. கல் பக்கத்து நாடான லைபீரியா வழியாக வெளியே போனது.

சரி, அரசின் ராணுவமே சுட்டால்? 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டியவர்களை அப்படித்தான் கொன்றார்கள். கிளர்ச்சிப் படை என்ற அந்த வரையறைக்குள் அது வரவே இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கல் எந்தச் சுரங்கத்தில் எடுத்தது என்று கடையில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் வாங்காதீர்கள்.