பழவேற்காட்டில் வஞ்சிரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஏரி, அணை ஓரத்துச் சின்னக் கடைகளில் சாப்பிடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பழவேற்காடு போனோம். நான், மனைவி, அம்மா, பிள்ளைகள் இருவர். சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பவே பதினொன்றாகிவிட்டது. டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது மணி இரண்டரை. முதல் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கடையில் சோறும் மடவை மீன் குழம்பும் மட்டும் இருந்தன. பையன் வஞ்சிரம் வறுவல் கேட்டான். "அதெல்லாம் இங்க வராது" என்று கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். நண்டு வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம் என்று போனால், கிலோவுக்குச் சொன்ன விலையைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிட்டோம். பெஞ்சு முழுக்க ஆண்கள். அம்மாவுக்கு அங்கே உட்காரவே கூச்சம். கழிப்பறை கிடையாது. படகில் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் வந்தார், மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பிரியாணி சாப்பிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

தப்பாக நினைக்காதீர்கள். இந்தச் சின்னக் கடைகள் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றவைதானா, இல்லை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் ருசிக்குமா? பேசாமல் கொடைக்கானல் மாதிரி வசதியுள்ள ஏரிக்கே போயிருக்கலாமோ?

பி.கு.: அம்மா அங்கே கருவாடு வாங்கினார். காரில் ஏறிய வாடை இன்னும் போகவில்லை. வழி உண்டா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் கேட்ட வஞ்சிரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது கடல் மீன், ஏரியில் கிடையாது. பழவேற்காட்டில் கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வலையில் வஞ்சிரம் விழுந்தால் அது நல்ல விலைக்கு ஏலம் போய்ச் சென்னைக்கு வண்டி ஏறிவிடும். நாலு பெஞ்சு போட்ட கடையின் தோசைக்கல்லுக்கு அது ஏன் வரப்போகிறது? கடைக்காரர் சொன்னது உண்மை. சொன்ன விதம்தான் கரடுமுரடு. இரண்டரை மணிக்கு அடுப்பை அணைக்கப் போன மனிதரிடம் இன்முகத்தையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த மடவைக் குழம்பை நீங்கள் சாப்பிடாமல் வந்ததுதான் எனக்கு வருத்தம். பழவேற்காடு நன்னீர் ஏரி அல்ல, உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது, பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்கும். இந்த இரண்டும் கெட்டான் தண்ணீரில் செழித்து வளர்கிற மீன்களில் மடவை முக்கியமானது. இறாலும் சேற்று நண்டும் கடலில் முட்டையிடுபவை, குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து ஏரியில் வளரும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் வரத்து குறைந்துவிடும், அந்த வருஷம் கடையில் இறாலும் குறையும். அதனால் அந்த ஊர்க் கடையில் போய் 'என்ன வேணும்' என்று நாம் சொல்லக் கூடாது, 'இன்னைக்கு என்ன இருக்கு' என்று கேட்க வேண்டும். அங்கே பலகையில் எழுதிய பட்டியல் இருக்காது, இருந்தாலும் நம்ப வேண்டாம்.

சரி, அந்தக் கடை யாருக்காக இருக்கிறது? விடியற்காலையில் வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிறவர்கள், ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள், ஐஸ் உடைக்கிறவர்கள், பொன்னேரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். இவர்கள் காலையில் ஒரு முறை வயிறு நிறையச் சாப்பிடுவார்கள், பன்னிரண்டு மணிக்கு இன்னொரு முறை. கடையின் அடுப்பு இந்தக் கணக்கில்தான் எரியும். ஒரு மணிக்கு மேல் போகிறவருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கார்கள் வரும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் எத்தனை வரும், வந்தவர்கள் சாப்பிடுவார்களா, உங்களைப் போல விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்களா என்பது அவருக்குத் தெரியாது. அதை நம்பி இரண்டு கிலோ இறாலை வாங்கி வைத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

ஆகவே பதினோரு மணிக்குக் கிளம்பியதில்தான் சிக்கல். ஆறு மணிக்குக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மீஞ்சூர் வரை லாரி நெரிசல் இருக்கும், அப்புறம் சாலை விடும். கார் வேண்டாம் என்றால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம், பிள்ளைகளுக்கு அதுவே பாதி சந்தோஷம். எட்டு மணிவாக்கில் ஊரில் இருந்தால் முதல் வேலையாக ஒரு கடையில் இட்லியோ தோசையோ சாப்பிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். "மதியம் அஞ்சு பேர், அதுல ரெண்டு சின்னப் பசங்க, காரம் கம்மியா வேணும்" என்று சொல்லி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு அதே கடைக்காரர் வேறு மனிதராகிவிடுவார். நாம் திரும்பி வருவோம் என்று தெரிந்துவிடுகிறதல்லவா!

நண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொன்ன விலை ஏமாற்று விலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய சேற்று நண்டு உயிரோடு கயிற்றால் கொடுக்குக் கட்டப்பட்டுச் சென்னை போய், அங்கிருந்து சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு விமானம் ஏறுகிற சரக்கு. கரையில் அதன் விலையைத் தீர்மானிப்பது அந்தச் சந்தைதான், நமக்கென்று தனி உள்ளூர் விலை கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்கள் நடுத்தர அளவில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஏற்றுமதிக்குக் கழித்தது, ஒரு கொடுக்கு உடைந்தது, இவையெல்லாம் பாதி விலைக்குக்கூடப் பேசிமுடிக்கலாம். குழம்பில் போட்டால் அதற்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் இல்லை.

வாங்கும்போது நண்டைக் கவிழ்த்துப் பிடித்து, அடி ஓட்டில் கால்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே சதை இருக்கிறது. அமுங்கிக் கொடுத்தால் சமீபத்தில் ஓடு கழற்றியது, உடைத்தால் தண்ணீர்தான் வரும். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். அந்தக் கயிறு இருக்கிறதே, அது தண்ணீரில் ஊறியிருக்கும், எடையில் அதுவும் சேரும். கயிறை அவிழ்த்து நிறுக்கச் சொல்ல முடியாது, கையைப் பதம் பார்த்துவிடும். ஆனால் "கயிறுக்கு என்ன கழிப்பீங்க?" என்று கேட்கலாம். கேட்டால் கழிப்பார்கள், கேட்காவிட்டால் இல்லை. பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் கனம் என்று அங்கே சொல்வார்கள். நான் அதை முழுக்க நம்புகிறவன் அல்ல, ஆனாலும் பௌர்ணமியன்று நண்டு வாங்குவதில்லை.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோடை விடுமுறையும் சரியாக அப்போதுதான். கடல் மீன் குறைவதால் ஏரி மீனுக்கும் கிராக்கி கூடிவிடும். மே மாதத்தில் குடும்பத்தோடு போய் விலையைப் பார்த்துத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? கிழங்கான் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மெத்தென்ற சதை, நடுமுள்ளை இழுத்தால் வந்துவிடும். கொடுவாயும் நல்லது, விலைதான் கூட. மடவை பெரியவர்களுக்கு. சில நாள் லேசாகச் சேற்று வாசம் அடிக்கும், புளி தூக்கலான குழம்பில் அது தெரியாது. கடையில் அதைக் குழம்பாக வைப்பதும் அதற்குத் தோதுதான்.

அம்மா உட்காரக் கூசியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடைகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் (நானும் ஆண்தானே) இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அந்தப் பெஞ்சுகள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் எழுந்துபோகிற ஆண்களுக்குப் போட்டவை. மூட்டுவலியோடு வருகிற ஒரு அம்மா அங்கே எப்படி உட்காருவார்? இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே வழி பாத்திரம். வீட்டிலிருந்து இரண்டு மூன்று தூக்குகளும் தட்டும் கொண்டுபோய், சோறும் குழம்பும் அதில் வாங்கிக்கொண்டு, மரநிழலாகப் பார்த்துப் பாய் விரித்துவிடுங்கள். பாத்திரத்தில் வாங்கினால் பிளாஸ்டிக் பையில் கட்டுவதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பெண் நடத்துகிற கடை கண்ணில் பட்டால் முதலில் அங்கே போங்கள். அங்கே உள்ளே இடம் ஒதுக்கித் தருவார்கள், கழிப்பறைக்கும் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

கழிப்பறை இல்லாதது கடைக்காரர் குற்றமல்ல. ஆண்டு முழுக்க ஆட்கள் வந்துபோகிற ஊரில் சுத்தமான பொதுக் கழிப்பறை இருக்க வேண்டும், அதை அமைத்துப் பராமரிப்பது நிர்வாகத்தின் வேலை. அது நடக்கும்வரை வழியில் பொன்னேரியிலேயே முடித்துக்கொண்டு போவதுதான் வழி.

படகு வேண்டாம் என்ற உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் உறவினர்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. யாராவது தனியாக வந்து மெதுவான குரலில் கூப்பிட்டால் அதற்குக் காரணம் அதுதான். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் பார்வைக்குத் தெரியாது. உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளோடு ஏறவே கூடாது.

தண்ணீரைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் குளிர்காலத்தில் ஆந்திரத்தின் சூளூர்பேட்டைக்குப் போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் காரை விட்டு இறங்கி நின்றாலே இரண்டு பக்கமும் பூநாரைகள் தெரியும். சூளூர்பேட்டை நெடுஞ்சாலை ஊர் என்பதால் மதியம் மூன்று மணிக்கும் சாப்பாடு கிடைக்கும், பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுத் தருவார்கள். உங்களைப் போலத் தாமதமாகக் கிளம்புகிற குடும்பத்துக்கு அதுதான் தோது. நீங்கள் பார்த்த டச்சுக் கல்லறைக்கு அடுத்த முறை போனால் வாசலின் இரண்டு பக்கமும் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1613இல் இந்த ஊரில் கோட்டை கட்டியவர்கள் மரணத்தைக்கூட எவ்வளவு மெனக்கெட்டு அலங்கரித்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

கொடைக்கானலுக்குப் போயிருக்கலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் அது வேறு கணக்கு. 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றியுள்ள கடைகள் வந்துபோகிறவர்களை நம்பியே நடக்கின்றன, அதனால் எந்நேரமும் திறந்திருக்கும். பிரெட் ஆம்லெட், பஜ்ஜி, சுட்ட சோளம், டீ. நன்றாகத்தான் இருக்கும். அதில் எதற்கும் அந்த ஏரிக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டுமென்றால் மேட்டூருக்கோ பவானிசாகருக்கோ போங்கள். 1934இல் முடிந்தது மேட்டூர் அணை, 1955இல் பவானிசாகர். இரண்டிலும் அணைக்குப் பக்கத்தில் பூங்கா, பூங்காவுக்கு வெளியே மீன் வறுவல் கடைகள். வருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பங்கள் என்பதால் பெண்கள் உட்காரக் கூச வேண்டியதில்லை. கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. முதல் இரண்டும் வடக்கே கங்கை வெளியின் மீன்கள், இங்கே குஞ்சு விட்டு வளர்ப்பவை. அவற்றில் வால் பக்கத்துத் துண்டில் கிளை பிரிந்த பொடிமுள் நிறைய இருக்கும், பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு ஜிலேபி போதும். ஒரு எச்சரிக்கை: வரிவரியாகக் கீறி, சிவக்கச் சிவக்க மசாலா பூசித் தட்டில் அடுக்கியிருப்பதை அப்படியே வாங்காதீர்கள். மசாலாவுக்கு அடியில் மீன் நேற்றையதா இன்றையதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். பூசாத மீனை எடுக்கச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, உங்கள் முன்னாலேயே பூசி வறுக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.

கருவாட்டு வாடைக்கு: பை வைத்திருந்த இடத்துப் பாயைக் கழற்றிச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவையுங்கள், நீர் சொட்டியிருந்தால் வாடை அங்கேதான் குடியிருக்கும். கதவுகளைத் திறந்துபோட்டு ஒரு பகல் முழுக்கக் காரை வெயிலில் நிறுத்துங்கள். அப்புறம் இரண்டு கிண்ணத்தில் அடுப்புக்கரியோ சமையல் சோடாவோ போட்டு உள்ளே வைத்துச் சில நாள் விடுங்கள். வாசனை ஸ்பிரே அடிக்காதீர்கள், மல்லிகை வாசக் கருவாடு இன்னும் மோசம். அம்மா வாங்கிய கருவாட்டில் மிச்சம் இருந்தால் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். மடவையைச் சாப்பிடாமல் வந்ததற்கு அந்த ஊர்ச் சாப்பாடு அதுவாவது ஆகட்டும்.

அன்புடன்.