மெல்லிய வால்ட்ஸ், இடதுகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக இரவில் வேலையெல்லாம் முடிந்தபின், பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் ஏ மைனர் வால்ட்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இறந்து நூறாண்டு கழிந்து அச்சில் வந்ததாமே, அந்தச் சின்ன வால்ட்ஸ்தான். முடிந்ததும் மறுபடி போட்டுவிடுகிறேன். எனக்கு இசை தெரியாது. பியானோ படித்த தோழி ஒருத்தி, "அது ஆரம்பத்தில் படிக்கிறவர்களுக்குக் கொடுப்பது, அதைப்போய் இத்தனை தடவை கேட்கிறாயே" என்றாள். பெரிய சிம்பொனிகளைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். பிரமிப்பாக இருந்தது. ஆனால் திரும்பப் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. வால்ட்ஸ் நடனத்துக்கான இசை என்கிறார்கள். எனக்கு ஆடத் தோன்றுவதில்லை, அழுகையும் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இது வெறும் மயக்கம்தானா, இல்லை அதில் கேட்பதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இன்னொன்றும் கேட்கவேண்டும். ஐம்பது வயதில் இதை வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் தோழி சொன்னது பாதி சரி. அந்த வால்ட்ஸின் ஸ்வரங்களை விரலுக்குக் கொண்டுவருவது பெரிய கஷ்டமில்லை, அதனால்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாசிக்கச் சுலபம் என்பதாலேயே கேட்க ஒன்றுமில்லை என்றாகிவிடாது.

இதுவரை நீங்கள் பெரும்பாலும் வலதுகையைத்தான் கேட்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான், மெட்டு அங்கேதானே இருக்கிறது. அடுத்தமுறை இடதுகையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கீழே ஆழத்தில் ஒரு ஒற்றை ஸ்வரம், அப்புறம் அதற்கு மேலே தணிவாக இரண்டு கார்ட், அதாவது சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்து. மறுபடி கீழே ஒன்று, மேலே இரண்டு. வாய்விட்டு 'தகிட, தகிட' என்று சொன்னால் இன்னும் தெளிவாகும். 'த'வில் எடை இறங்குகிறது, 'கிட'வில் அந்த எடை விலகுகிறது. மெல்லிய வால்ட்ஸின் வசீகரம் முழுக்க அந்த 'கிட'வில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வால்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் இருந்த கிராமத்து ஆட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்தது. லேண்ட்லர் என்ற மூன்று தட்டு ஆட்டம் அதற்கு நெருங்கிய சொந்தம். ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழன்றதால் அன்று கண்டனங்களும் எழுந்தன. அந்த வரலாறு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மனிதனுக்குக் கால் இரண்டு, வால்ட்ஸுக்குத் தட்டு மூன்று.

நாலு தட்டுள்ள இசைக்குத் தட்டுக்கு ஓர் அடியாக நடந்து பாருங்கள். 'ஒன்று' எப்போதும் அதே காலில்தான் விழும். படைகள் அதற்குத்தான் நடக்கின்றன. மூன்று தட்டில் அது நடக்காது. முதல் சுற்றின் 'ஒன்று' இடதுகாலில் விழுந்தால் அடுத்த சுற்றின் 'ஒன்று' வலதுகாலில் விழும். தொடங்கிய காலிலேயே மறுபடி 'ஒன்று' விழ ஆறு அடி வைத்தாகவேண்டும். ஆக, உடம்பின் எடை ஓரிடத்தில் தங்காமல் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்தபடி கேட்டாலும் உடம்புக்கு இது தெரிந்துவிடுகிறது. ஆடத் தோன்றவில்லை என்கிறீர்கள், சரி. தோள் லேசாக அசைகிறதா என்று கவனித்திருக்கிறீர்களா?

வேகமான வால்ட்ஸில் இந்த எடைமாற்றம் சுழற்சியாகிவிடுகிறது. இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1867இல் தந்த 'நீல டான்யூப்' மாதிரியான வியன்னா வால்ட்ஸ்கள் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவை நம்மைக் காத்திருக்க விடுவதில்லை. மெதுவான பியானோ வால்ட்ஸில் தாளம் அதேதான், அடுத்த 'ஒன்று' வருவதற்கு மட்டும் நேரமிருக்கிறது. கட்டாயம் வரும் என்று தெரியும். எந்த நொடியில் என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது.

அந்த மூன்று தட்டும் சமமான மூன்று இல்லை. வியன்னாவில் இரண்டாம் தட்டை ஒரு இம்மி முன்கூட்டியே வைப்பார்கள். வால்ட்ஸின் உறவான மசூர்காவை ஷோபான் வாசித்தபோது சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோ கலைஞருக்கு அது நாலு தட்டாகவே கேட்டிருக்கிறது. முதல் தட்டில் அவ்வளவு நேரம் தங்கியிருக்கிறார் ஷோபான். ஹாலே அதைச் சொன்னதும் முதலில் மறுத்த ஷோபான், ஹாலே சத்தமாக எண்ணிக்காட்டியதும் சிரித்துவிட்டாராம். மூன்றை எப்படிப் பங்கு போடுகிறார் என்பதை வைத்தே ஒரு கலைஞரை அடையாளம் கண்டுவிடலாம். உங்களுக்குப் பழகிய அதே வால்ட்ஸை வேறு இரண்டு பேர் வாசிக்கக் கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

இனி பியானோ. வயலினிலோ குரலிலோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, நின்றபடியே வளர்க்கலாம். பியானோவில் முடியாது. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி பொதிந்த சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. அந்தக் கணமே ஒலி தேய ஆரம்பித்துவிடும், விரலால் அதைப் பெரிதாக்க வழியே கிடையாது. பியானோவின் மெட்டு என்பது தேய்ந்துகொண்டிருக்கும் ஒலிகளின் வரிசை, அவற்றைக் கோர்த்துத் தொடர்ச்சியாக்குவது நம் காது. விரைந்து ஓடும் இசையில் இந்தத் தேய்வை யாரும் கவனிப்பதில்லை. மெதுவான வால்ட்ஸிலோ மெட்டின் ஒரே ஸ்வரம் சில இடங்களில் முழுச் சுற்றும் நிற்கவேண்டியிருக்கிறது. அது மங்கிக்கொண்டே வரும்போது இடதுகையின் அந்த இரண்டு கார்டும் அடியில் வந்து தாங்குகின்றன. கொஞ்சம் பலமாக விழுந்தாலும் மெட்டு மூழ்கிப்போகும். ஆகவே தேர்ந்தவர்கள் அந்தக் 'கிட'வை, மெட்டில் மிஞ்சியிருக்கும் ஒலியைவிடத் தணிவாக வைப்பார்கள். ஸ்வரம் சுலபமான வால்ட்ஸில் கஷ்டமெல்லாம் இங்கேதான்.

இடதுகை தாவுவதைக்கூடக் கேட்கலாம். கீழ் ஸ்வரத்துக்கும் கார்டுக்கும் நடுவே பல கட்டைகள். கை எழும்பிப் போகும் அந்த நேரத்தில் கீழ் ஸ்வரம் அறுந்துவிடாமல் பெடலை வலதுகால் அழுத்திப் பிடித்திருக்கும். புதிய 'ஒன்று' வந்ததும் பெடலை விட்டு மறுபடி பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய கார்ட் புதியதோடு கலந்து குழம்பிவிடும். நல்ல ஒலிப்பதிவை ஹெட்போனில் கேட்டால் இந்தப் பெடல் மாற்றம் மூச்சு விடுவதுபோல் காதில் படும்.

ஷோபான் 1830-31இல் வியன்னாவில் பல மாதங்கள் இருந்தார். அந்த ஊரின் வால்ட்ஸ் மோகம் அவருக்கு ஒத்துவரவில்லை. பிற்பாடு அவர் எழுதிய வால்ட்ஸ்கள் ஆடுவதற்கானவை அல்ல. வாழ்ந்த காலத்தில் அவர் வெளியிட்டது எட்டுதான். 1849இல் அவர் இறந்தபின்னரே மற்றவை ஒவ்வொன்றாக அச்சேறின. நீங்கள் கேட்கும் ஏ மைனர் வால்ட்ஸ் 1955இல் வந்தது.

இடதுகைதான் இசையை நடத்தவேண்டும், அது காலத்தை விட்டுவிடக்கூடாது, வலதுகை வேண்டுமானால் தயங்கலாம், முந்தலாம் என்று அவர் கற்பித்ததாக அவரிடம் படித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 'ஆடவும் தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை' என்றீர்களே, அதற்கான பதில் இதில் இருப்பதாக நினைக்கிறேன். வலதுகை ஏங்குகிறது, ஏறப் பார்க்கிறது, முடியாமல் இறங்குகிறது. இடதுகை ஆட்டத்தை நிறுத்துவதேயில்லை. வெறும் துக்கம் என்றால் தாளமும் சேர்ந்து தளர்ந்திருக்கும். வெறும் சந்தோஷம் என்றால் மெட்டு இப்படி இறங்கியிருக்காது. இரண்டும் ஒரே ஆளின் இரண்டு கையில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மனதில் பாரத்தை வைத்துக்கொண்டே அடி பிசகாமல் நடக்கிற மனிதர்களை நாம் மதிக்கிறோம் அல்லவா? இந்த இசையையும் நான் அப்படித்தான் மதிக்கிறேன். மயக்கம் என்று அதைத் தள்ள என்னால் முடியாது.

அந்த வால்ட்ஸிலேயே ஓரிடம் சொல்கிறேன். வலதுகை திடீரென்று ஒரே வீச்சில் கீழிருந்து உச்சிக்கு ஏறும். அது கழிந்து, பழைய மெட்டு ஒருமுறை வந்துபோனதும், இசை ஏ மைனர் என்ற சோகச் சாயலுள்ள ஸ்வரவரிசையிலிருந்து ஏ மேஜர் என்ற பிரகாசமான வரிசைக்கு மாறும். கதவைத் திறந்த மாதிரி வெளிச்சம் வரும், ஆனால் நிலைக்காது. சில சுற்றுகள் தலைகாட்டிவிட்டு மைனருக்கே திரும்பிவிடும். அந்த மேஜர் பகுதி இரண்டு மடங்கு நீண்டிருந்தால் நமக்கு ஆறுதல் கிடைத்திருக்கும், இந்த அளவுக்கு மனதைப் பிடித்திருக்காது. நீங்கள் முடிந்ததும் மறுபடி போடுவது அந்த இடத்துக்காகவும் இருக்கலாம்.

இசையமைப்பாளர் ஷூபர்ட் 1826இல் குபெல்வீசர் என்ற ஓவிய நண்பரின் திருமணத்துக்காக ஒரு வால்ட்ஸ் வாசித்தார். எழுதிக்கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தார் காதால் கேட்டுக் கையால் வாசித்தே தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றினார்கள். 1943இல்தான் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற வேறொரு இசையமைப்பாளர் கேட்டு எழுதினார். நூறாண்டுக்கு மேல் தாளில் இல்லாமல் விரல்களிலேயே அது வாழ்ந்திருக்கிறது. சிம்பொனியை யாராலும் அப்படிக் காப்பாற்றியிருக்க முடியாது. ஒரு வீட்டுக்குள், ஒரே ஆள், இரண்டு கை என்ற அளவிலேயே அடங்குவதுதான் இந்த இசையின் பலம். சின்னது என்று குறைசொல்பவர்களுக்கு என்னிடம் இதற்குமேல் பதில் இல்லை.

அடுத்து எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஷோபானின் ஓபஸ் 34 (ஓபஸ் என்பது படைப்புகளின் வரிசை எண்) இல் இரண்டாவது வால்ட்ஸ், அதுவும் ஏ மைனர்தான். அங்கே மெட்டு இடதுகையில் தொடங்குகிறது, வலதுகை மேலே துணை நிற்கிறது, அதாவது நான் இதுவரை சொன்னது தலைகீழாக. பிராம்ஸின் ஓபஸ் 39இல் பதினைந்தாவது வால்ட்ஸ் முதலில் ஒரு பியானோவில் இருவர் வாசிக்க எழுதப்பட்டது, தனியாக வாசிக்கவும் அவரே மாற்றியமைத்தார். எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபீடி, 1888. அதை வால்ட்ஸ் என்று அவர் அழைக்கவில்லை. மூன்று தட்டுதான், ஆனால் இரண்டு கார்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று. இரண்டாம் தட்டில் வைத்து மூன்றாவது முடியும்வரை அதை நிற்கவிட்டுவிடுகிறார். 'கிட'வில் ஒரு எழுத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஐம்பது வயதில் முடியுமா? தாராளமாக முடியும். வேகம் வேண்டாத இசைதானே இது. மெட்டு உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் வலதுகைக்கு அவசரமில்லை. முதல் சில வாரங்கள் இடதுகையை மட்டும் வாசியுங்கள், கீழே ஒன்று, மேலே இரண்டு. அந்த இரண்டும் ஒன்றைவிடத் தணிவாக வரும்வரை விடாதீர்கள். கை பழகியபின் பெடலைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் அந்தத் தோழியையே அழைத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்கள் இடதுகைப் பகுதியை வாசியுங்கள், அவர் மெட்டை வாசிக்கட்டும். நாலைந்து முறை ஆனபின் இடம் மாறிக்கொள்ளுங்கள்.