கேள்வி பதில்: சிதம்பரத்தில் சின்னக் கடைச் சாப்பாடு

மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுதிச் சாப்பாடு அலுத்துவிட்டதாம். பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் கடைகளில் சாப்பிடுகிறேன் என்கிறான். விடலாமா? – ஒரு தாய், விருத்தாசலம்

தாராளமாக விடுங்கள். ஆனால் கடையைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கடையில் பெரும்பாலும் ஒரே உலைதான். பன்னிரண்டரைக்கு வடித்த சோறு இரண்டு மணிக்குள் தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை. நான்கு மணிக்கும் 'சாப்பாடு இருக்கு, வாங்க' என்றால் டீயோடு எழுந்துவிடலாம். அண்டாவில் மூடிவைத்த சோறு மெல்ல ஆறும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால், கொதியிலும் சாகாத பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சைக் கக்கத் தொடங்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ராத்திரி ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டு வாந்தி வந்தால், சாஸைவிட மதியச் சோற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புதுக் கடையில் முதல் நாளே முழுச் சாப்பாடு வேண்டாம். காலையில் போய் இரண்டு இட்லி, ஒரு வடை போதும். தேங்காய்ச் சட்னி நாக்கில் சுருக்கென்று புளித்தால் நேற்றைய மிச்சம் கலந்திருக்கலாம். வடையைப் பிட்டு அழுத்தும்போது எண்ணெய் கசிந்தால், ஒன்று மாவில் தண்ணீர் கூடிவிட்டது, இல்லை எண்ணெய் காயும் முன்பே போட்டுவிட்டார்கள். இது கைப்பிசகுதான், மன்னிக்கலாம். வாணலி எண்ணெய் கறுத்து, வடை விழும் முன்பே நுரை கட்டிப் புகைகிறது என்றால் மன்னிக்கக் கூடாது. பெஞ்சு ஆடுவதும் காரை பெயர்ந்திருப்பதும் ஒரு பொருட்டல்ல. தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா, பரிமாறுகிற கையே காசும் வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொத்சு என்று கேட்டால் எல்லாக் கடையிலும் கத்தரிக்காய் சாம்பார்தான் வருகிறது. அசல் கொத்சை எப்படிக் கண்டுபிடிப்பது? – முதலாண்டு மாணவி, அண்ணாமலைநகர்

கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். சாம்பார் ஓடும், கொத்சு தயங்கி விழும். வெந்த துவரம்பருப்பு தெரிந்தால் அது கொத்சே இல்லை. கத்தரிக்காயைச் சுட்டோ நல்லெண்ணெயில் வதக்கியோ மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்துப் பொடித்துப் போடுவார்கள். பொடியைக் கடைசியில் போட்டால்தான் மணம் நிற்கும். முன்னதாகப் போட்டால் கடலைப்பருப்பு இறுகிக் கூழாகிவிடும். தேரோடும் நாலு வீதிகளை ஒட்டிய சந்துகளில், காலை எட்டுக்குள் தேடுங்கள். நடராஜர் கோயில் பிரசாதமான சம்பா சாதத்துக்கு இதுதான் ஜோடி என்பதால், ரயில் பாதைக்கு மேற்கே, கோயில் இருக்கும் ஊருக்குள்தான் வாய்ப்பு அதிகம்.

பிப்ரவரியில் அருமையாக இருந்த மீன் குழம்புச் சாப்பாடு மே மாதத்தில் சப்பென்று போய்விட்டது. மாஸ்டர் மாறிவிட்டாரா? – ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்

மாஸ்டர் மேல் பழி போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. பக்கத்து மீன்பிடி ஊர்களான முடசலோடை, அன்னங்கோயில் பக்கம் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். விலையை ஏற்ற முடியாத கடை ஐஸ் மீனுக்கோ வளர்ப்புக் கெண்டைக்கோ போய்விடும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் 'இன்னைக்கு என்ன மீன்?' என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மத்தி, காரப்பொடி என்று பெயர் சொன்னால் சாப்பிடலாம். 'மீன்தான்' என்று பதில் வந்தால் முட்டைக் குழம்பு உத்தமம்.

மெஸ்ஸில் மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – ஒரு மாணவர், நெய்வேலி

முதலில் ஒரு வாரம் அன்றன்றைக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். ஞாயிறு இரவையும் விடாதீர்கள், மெஸ்ஸின் லட்சணம் அன்றைக்குத்தான் தெரியும். பிறகு, மாதக் கட்டணத்தைவிட டோக்கன் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஊருக்குப் போகிற நாட்கள் கழியுமா, கூட்டு பொரியல் இரண்டாம் முறை கேட்டால் போடுவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.